ஒத்திகைக்குக் கூலி இல்லாத நல்கை: ஒரு சிறு நாடகக் குழுவின் வருடக் கணக்கு

போன மாதம் மட்டும் மூன்று குழுக்கள் போன் செய்துவிட்டன. ஒன்று தாராபுரம் பக்கம், ஒன்று கோபியிலிருந்து, இன்னொன்று சேலம் மாவட்டத்தில் தெருக்கூத்தும் வீதி நாடகமும் சேர்த்துச் செய்கிற பசங்க. மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு கிராண்ட் கொடுத்தாங்களே, அது எப்படிங்க, வாங்கலாமா வேண்டாமா?" ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசியாகிவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். சமூகப் பிரச்சினைகளை நாடகமாகப் போடுகிற சிறு குழுக்களுக்கென்று ஓர் அறக்கட்டளை தருகிற ஒரு வருட நிதிநல்கை, மூன்று லட்சம் ரூபாய், எங்களுக்குக் கிடைத்தது. வருடம் முடிந்து கணக்கும் ஒப்படைத்தாகிவிட்டது. அறக்கட்டளையின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லும் இடங்கள் நிறைய வரும், அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவர்கள் இங்கே இல்லை. அதோடு, நான் சொல்லப்போகிற கோளாறு அவர்கள் ஒருவரோடு நிற்கிற கோளாறும் இல்லை.

முதலில் எங்களைப் பற்றி. பல்லடம், சோமனூர், திருப்பூர் என்று சிதறிக் கிடக்கிற ஒன்பது பேர். இரண்டு பேர் பனியன் கம்பெனியில் டெய்லர், ஒருவர் செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை, ஒருவர் தறி ஓட்டுகிறார், ஒருவர் பெயிண்டர். இந்த ஐந்து பேருக்கும் போனால்தான் கூலி. மீதி நான்கு பேரில் ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு கல்லூரி மாணவி, ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, அப்புறம் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான ஓர் அண்ணன். அவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பாடி நாடகம் போட்டவர், எங்களுக்குத் தொண்டையைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். இந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்காகப் போன கலைக்குழுக்களில் ஆடிப் பழகியவர்கள். மேடை கிடையாது, திரை கிடையாது. ஊர் மந்தையிலோ டீக்கடை முக்கிலோ பறை அடித்துக் கூட்டம் சேர்த்து, வட்டமாக நிற்க வைத்து, நாற்பது நிமிடம் ஆடிவிட்டுத் துண்டை விரிப்போம். துண்டில் விழுகிற காசு வண்டி வாடகைக்குப் போதும் என்றால் அன்றைக்கு நல்ல நாள்.

அந்த வருடம் எடுத்த நாடகம் நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்கிற பெண் பிள்ளைகளைப் பற்றியது. சுமங்கலித் திட்டம் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடம் விடுதியில் தங்கி மில்லில் வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். இடையில் உடம்பு முடியாமல் போனாலோ ஊருக்குத் திரும்பினாலோ அந்தத் தொகைக்காக அலைய வேண்டும். பேர்கள் மாறிவிட்டன, ஏஜென்டுகள் மாறிவிட்டார்கள், வெளியே விடாத விடுதிகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. எங்கள் செக்கிங் அக்காவே பதினாறு வயதில் அப்படி ஒரு விடுதிக்குப் போய் வந்தவர். நாடகத்தின் கதை அவருடையதுதான்.

விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான். ஒன்பது பக்கம். ஆசிரியை அக்கா இல்லையென்றால் நாங்கள் இரண்டாம் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். ஆனால் தமிழில் எழுதிய நாடகப் பிரதியை அப்படியே வாங்கிக்கொண்டார்கள், நேர்காணலைத் தமிழிலேயே போனில் வைத்தார்கள், அதற்கப்புறம் ஒருவர் பஸ் பிடித்துப் பல்லடம் வரைக்கும் வந்து எங்கள் ஒத்திகையை இரவு பத்து மணி வரைக்கும் தரையில் உட்கார்ந்து பார்த்தார். இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். நாங்கள் ஆடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

சங்கடமான பகுதி "பயனாளிகள்" என்ற கட்டம். எத்தனை பேர் பார்ப்பார்கள், அதில் பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, பார்த்த பிறகு எத்தனை பேரிடம் மாற்றம் வரும், அதை எப்படி அளப்பீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். டீக்கடை முக்கில் நின்று பார்க்கிற கூட்டத்தை யார் எண்ணுவது? பஸ் வந்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள், அடுத்த பஸ்ஸில் இறங்குகிறவர்கள் கடைசிக் காட்சியை மட்டும் பார்ப்பார்கள். ஆனாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது, ஒரு எண் போட்டோம். அந்த எண் வருடம் முழுக்க எங்கள் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு எழுதினால் அதில் பாதிகூடப் போட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள்.

பணம் எங்கே போனது என்று உடைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் கடைசியில் கேட்பது இதைத்தான். மொத்தம் 24 நிகழ்ச்சிகள் என்று ஒப்பந்தம். நடிகர்களுக்கு நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 500 ரூபாய், ஒன்பது பேருக்கு 24 தடவை, ஆக 1,08,000. வண்டிக்கு 52,800, சாப்பாட்டுக்கு 36,000. உடை, பறை, தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் சேர்த்து 25,000. பிளக்ஸ், நோட்டீஸ் 10,200. ஆடிட்டருக்கும் கணக்கு எழுதவும் 15,000. வீடியோ ஆவணப்படுத்த 45,000. எதிர்பாராத செலவுக்கு 8,000. கூட்டினால் மூன்று லட்சம் வரும்.

இதில் ஒத்திகை என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லை. நாங்கள் முதலில் எழுதிய பட்ஜெட்டில் இருந்தது. ஒத்திகை என்பது குழுவின் பங்களிப்பு, அதற்கு நல்கையில் இடமில்லை என்று சொல்லி அந்த வரியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம், வேறு வழி தெரியவில்லை.

அந்த நாடகம் உருவாக 26 நாள் ஒத்திகை ஆனது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு ஆரம்பிக்கலாம் என்றுதான் நினைத்தோம், ஆனால் பனியன் கம்பெனியில் ஆர்டர் நேரத்தில் எட்டு மணிக்கு யாரை விடுவார்கள்? ஒன்றரை ஷிப்ட் அடித்துவிட்டு வந்து நிற்கிற உடம்பால் குரல் கொடுக்க முடியாது, ஆடவும் முடியாது. அதனால் அந்த ஐந்து பேரும் 26 நாளும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு நாள் விட்டால் ஆளுக்குச் சராசரியாக 600 ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து பேருக்கு 26 நாளில் 78,000 ரூபாய். அறக்கட்டளை எங்களுக்குத் தந்தது மூன்று லட்சம் என்றால், எங்கள் டெய்லரும் தறிக்காரரும் பெயிண்டரும் அந்த நாடகத்துக்குத் தந்தது 78,000. அவர்கள் பெயர் எந்த பிளக்ஸிலும் நிதி உதவி என்று போடப்படவில்லை. அதே பட்ஜெட்டில் வீடியோவுக்கு 45,000 இருந்தது, அதைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு முடியாது என்றார்கள். நடந்ததற்குச் சாட்சி வேண்டும் என்பது அவர்கள் கவலை. நடப்பதற்கு முன்னால் ஒரு மாதம் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்குகிற வீட்டில் 26 நாள் கூலி என்பது விளையாட்டல்ல. தறி ஓட்டுகிற அண்ணனின் வீட்டில் அதற்காகப் பெரிய சண்டையே வந்தது. அண்ணி எங்களிடம் நேராகவே கேட்டார், "ஊருப் பொண்ணுகளுக்கு நாயம் பேசப் போறீங்க, எம்பொண்ணு பீஸு யாருங்க கட்டறது?" அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை.

இப்போது நல்ல பக்கம். வருடம் முழுவதும் நாடகத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லவில்லை. சாதி என்ற சொல் வரும் இடத்தில் "சமூகம்" என்று போடுங்கள் என்றோ, மில்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. இந்த ஊரில் இது எவ்வளவு அரிது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு மில் முதலாளி நாடகத்தைப் பாராட்டி ஐம்பதாயிரம் தருகிறேன் என்றார், விடுதிக் காட்சியை மட்டும் எடுத்துவிட்டுக் குடிப்பழக்கத்தைப் பற்றிப் போடுங்கள் என்றார். வாங்கவில்லை. நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கச் சொன்ன 1954-ஆம் வருட நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டது, ஆக இப்போது அந்தச் சட்டப்படி யாருக்கும் பிரதியைக் காட்ட வேண்டியதில்லை. பணம் கொடுக்கிறவர் கேட்டால்தான் காட்டியாக வேண்டும் என்ற நிலை. அந்த இடத்தில் இந்த அறக்கட்டளை எங்களை நம்பியது. அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

நோம்பிக் காசு, அதாவது கோயில் திருவிழாவுக்கு ஊர் வசூலிக்கிற காசு இருக்கிறதே, அதை வைத்து ஆடக்கூடாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கொங்கு நாட்டில் கலைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று பார்த்தால் ஊர்தான் கொடுத்திருக்கிறது. நோம்பி சாட்டினால் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி, அந்த வரியில்தான் மேளமும் கூத்தும் உடுக்கடிப் பாட்டும். பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடி, படுகளம் என்கிற போர்க்களச் சடங்கில் விழுந்து எழுகிற வரைக்கும் ஊரே விழித்திருந்து கேட்கும். எந்த அறக்கட்டளையும் இல்லாமல் அந்தக் கதை இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது. 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் அதை ஒலிப்பதிவு செய்தார், அப்படித்தான் வெளியுலகத்துக்கே தெரிய வந்தது. ஆனால் ஊர் வரி கொடுப்பது ஊர் கேட்க விரும்புகிற கதைக்கு. எங்களையும் இரண்டு நோம்பிக்கு அழைத்திருக்கிறார்கள், மரியாதையாகச் சோறு போட்டு, "அந்தக் கல்யாண நாடகம் மட்டும் வேண்டாங்க, வேற எது வேணாலும் போடுங்க" என்று சொன்னார்கள். கல்யாண நாடகம் என்றால் சாதி மாறிக் கட்டிய ஜோடியின் நாடகம். வரி கட்டுகிற எல்லாரும் ஒரே தெருவில் இருப்பதில்லை, வரியே வாங்காமல் ஒதுக்கி வைத்த தெருவும் ஊரில் இருக்கிறது. அந்தத் தெருவில் போய் ஆட வெளியிலிருந்து பணம் வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட நல்கைகள் எவ்வளவு குறை இருந்தாலும் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எட்டாவது நிகழ்ச்சி அவிநாசிப் பக்கம் ஒரு ஊரில். எங்கள் பிரதியில் அந்தப் பெண் விடுதிச் சுவர் ஏறிக் குதித்துத் தப்பி வருவதோடு நாடகம் முடியும், கை தட்டுவார்கள், பாட்டுப் பாடி முடிப்போம். அன்றைக்குக் கை தட்டி முடித்தபின் ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், நடுவில் வந்து நின்றுகொண்டார். "ஏங்கண்ணு, ஓடியாந்தவ எங்க போவா? ஊட்டுக்குத்தான வருவா? அப்பன் அடுத்த பஸ்ஸுல கொண்டு போயித் திருப்பி உட்டுட்டு வருவான். எம்பேத்திய நாங்க அப்படித்தானே உட்டோம்." சொல்லிவிட்டு அழவில்லை, அப்படியே நின்றார். கூட்டமும் கலையவில்லை. பறை அடித்துக்கொண்டிருந்த தம்பி பறையைக் கீழே வைத்துவிட்டான்.

அன்றைக்கு ராத்திரியே வண்டியில் முடிவு செய்தோம், நாடகம் அங்கே முடியக்கூடாது, வீட்டில் ஆரம்பிக்க வேண்டும். அப்பன் பாத்திரம் வேண்டும், அவன் வில்லனாக இல்லாமல் கடன்காரனாக வேண்டும். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற பஸ் பயணம் ஒரு காட்சியாக வேண்டும். இதற்கு மறுபடி 11 நாள் ஒத்திகை. அப்புறம் பழைய முடிவைப் பார்த்த ஊர்களுக்கே திரும்பிப் போக வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். அறிவொளிக் காலத்தில் கற்றுக்கொண்டது இதுதான் என்றார், ஒரு ஊருக்கு ஒரு தடவை போனால் விருந்தாளி, மூன்று தடவை போனால்தான் நம்மிடம் பேசுவார்கள் என்று. ஐந்து ஊர்களுக்குத் திரும்பிப் போனோம். ஒரு ஊரில் நாடகம் முடிந்து ஆண்கள் மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கடனைப் பற்றிப் பேசினார்கள், மைக்ரோ பைனான்ஸ் வாரத் தவணையில் ஆரம்பித்து, பிள்ளையை அனுப்பினால் முன்பணமாக ஏஜென்ட் தருகிற காசு வரைக்கும். என் பதினோரு வருட அனுபவத்தில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. வீடியோக்கார தம்பி அன்று வரவில்லை, ஆக அதற்குச் சாட்சியும் இல்லை.

இதன் விளைவு: 24 நிகழ்ச்சி போட வேண்டிய வருடத்தில் 19 தான் போட முடிந்தது, அதில் ஐந்து பழைய ஊர்களிலேயே. அறிக்கை அனுப்பினோம். அந்த ஐந்தைப் புதிய பார்வையாளர்களாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று பதில் வந்தது, பிரதி மாறியதற்கு விளக்கம் கேட்டார்கள், ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று ஒரு கடிதம். எங்களுக்காக பஸ் பிடித்து வந்தவரோடு போனில் முக்கால் மணி நேரம் பேசினேன். அவருக்குப் புரிந்தது, மனப்பூர்வமாகவே புரிந்தது. "இதுதாங்க நாங்க செய்ய நினைச்சதே, ஆனா எங்க படிவத்துல இதுக்குக் கட்டமில்ல" என்றார். அவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒரு குழு, எல்லோருக்கும் எண் வேண்டும். கடைசியில் ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள், போடாத நிகழ்ச்சிகளின் காசை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அது சரிதான், அதில் எனக்கு வழக்கில்லை.

தவணை விஷயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 40, 40, 20 சதவீதம் என்று மூன்று தவணை. முதல் இரண்டும் சொன்ன தேதியில் வந்தன. கடைசி 20 சதவீதம், அதாவது பிடித்தம் போக எங்களுக்கு வர வேண்டிய மீதி, தணிக்கை செய்த கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்த பிறகு ஐந்து மாதம் கழித்து வந்தது. ஐந்து மாதம் வண்டிக்காரர் பொறுத்துக்கொண்டார், மைக் செட்காரர் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியை அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்தார். பெரிய நிறுவனத்துக்கு ஐந்து மாதம் என்பது ஒரு கோப்பு மேசை மாறுகிற நேரம், எங்களுக்கு அது வட்டி.

மற்ற வழிகளும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா என்ற குடைக்குக் கீழே இரண்டு திட்டங்கள் நாடகக் குழுக்களுக்குப் பொருந்தும். ஒன்று கலாச்சார நிகழ்ச்சி, தயாரிப்புகளுக்கான உதவி. பொதுவாக 5 லட்சம் வரை, 75 சதவீதம் முன்னால், 25 சதவீதம் கணக்குக் கொடுத்த பின்னால். ஆக அங்கேயும் கால்பங்கை முதலில் நாம் போட்டுப் பார்க்க வேண்டும், 5 லட்சத்தில் கால்பங்கு என்றால் 1,25,000, கையில் காசில்லாத குழு அதற்கு எங்கே போகும்? இன்னொன்று ரெப்பர்டரி உதவி என்று சொல்கிற குரு சிஷ்யப் பரம்பரைத் திட்டம். குருவுக்கு மாதம் 15,000, சீடர்களுக்கு வயதைப் பொறுத்து மாதம் 2,000-லிருந்து 10,000 வரை. கவனியுங்கள், இந்த இரண்டில் இது மட்டும்தான் நிகழ்ச்சிக்கு என்று இல்லாமல் ஆளுக்கு மாதாமாதம் பணம் தருகிற திட்டம், அதாவது ஒத்திகைக்கும் சேர்த்து. கொள்கையளவில் நான் கேட்பது இதைத்தான். ஆனால் அதன் அடிப்படையே குரு, சீடர் என்பது. எங்கள் குழுவில் குரு யார்? அண்ணனைக் கேட்டால் செக்கிங் அக்காவைக் கை காட்டுவார், கதை அவருடையது என்பார். மரபாகக் கூத்துக் கற்றுத் தருகிற வாத்தியார் இருக்கும் குழுக்களுக்கு, சேலம், தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்து ஜமாக்களுக்கு, இது நன்றாகவே பொருந்தும், அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெங்களூரில் இருக்கும் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை, ஐ.எஃப்.ஏ. என்பார்கள், 1993-இல் தொடங்கி 1995-லிருந்து நல்கை தருகிறது. தமிழிலேயே எழுதி அனுப்பலாம், பதிவு செய்த அமைப்பாக இல்லாமல் தனி ஆளாகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவர்கள் தேடுவது கலையில் புதிதாக என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கான பதிலை, சமூகப் பிரச்சினையை எடுத்தோம் என்பது மட்டும் போதாது. அந்தக் கேள்வியை யோசித்துப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. மாநிலத்தில் இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது, கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையங்கள் கோவையிலும் சேலத்திலும் இருக்கின்றன, நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் உறுப்பினராகலாம். இவற்றுக்கெல்லாம் நேரில் போய்க் கேட்பதுதான் சரி.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை, சி.எஸ்.ஆர். பணத்தை, எல்லோரும் பேசுகிறார்கள். 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி நிகர லாபம் 5 கோடிக்கு மேல் இருந்தாலே மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்தாக வேண்டும். திருப்பூரிலும் கோவையிலும் அப்படிப்பட்ட கம்பெனிகள் குறைவில்லை. ஆனால் வாங்குகிற அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் வேண்டும், மூன்று வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்-1 என்ற பதிவும் வேண்டும். அதையெல்லாம் தாண்டினாலும், மில் விடுதியைப் பற்றிய நாடகத்துக்கு மில்லிடமே போய்க் கேட்க முடியாது இல்லையா.

முன்பெல்லாம் எங்களைப் போன்ற குழுக்களுக்கு வேறொரு வழி இருந்தது. வெளிநாட்டு நிதி வாங்குகிற பெரிய தொண்டு நிறுவனம் அதில் ஒரு சின்னப் பங்கைக் கீழே இருக்கிற பதிவு பெற்ற சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது அப்படி இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையே தடை செய்துவிட்டார்கள், நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்தார்கள். பெரிய நிறுவனம் சமாளித்துக்கொள்ளும். வாய்க்காலின் கடைமடையில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. எங்களுக்குத் தெரிந்த இரண்டு குழுக்கள் அதோடு கலைந்தே போய்விட்டன, நல்ல பாட்டுக்காரர்கள், ஒருவர் இப்போது டாட்டா ஏஸ் ஓட்டுகிறார்.

நல்கைக்கு விண்ணப்பிக்கப் போகிற குழுக்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சங்கமாகப் பதிவு செய்வதென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடாவருடம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு மூன்று வருடம் கழித்து ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசு நிதி என்றால் நிதி ஆயோக்கின் தர்பண் என்ற தொண்டு நிறுவனப் பதிவுத் தளத்தில் எண் வாங்கியாக வேண்டும். டீக்கடைக்காரரும் வண்டிக்காரரும் பில் தர மாட்டார்கள், அதனால் வவுச்சர் புத்தகம் ஒன்றை எப்போதும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள், 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாகவே அனுப்புங்கள், இல்லையென்றால் ஆடிட்டர் அந்தச் செலவைச் செலவாகவே எடுக்க மாட்டார். கணக்கு எழுத ஒருவரை முதல் நாளே பொறுப்பாகப் போடுங்கள், நடிக்கிறவரே கணக்கும் எழுதினால் இரண்டும் கெடும். எங்கள் கல்லூரித் தங்கச்சி இரண்டையும் செய்தாள், தேர்வு நேரத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு வவுச்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, வாங்கலாமா வேண்டாமா? வாங்கலாம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கருத்துச் சுதந்திரத்துக்கும் ஆட்களின் குணத்துக்கும் அந்த மூன்று. ஒத்திகைக்கு இடமில்லாததற்கு ஒன்றைக் குறைத்தேன், கடைசித் தவணைக்கும் எண்ணிக்கைக் கட்டத்துக்கும் சேர்த்து இன்னொன்று. ஏற்கெனவே தயாராக ஒரு நாடகத்தைக் கையில் வைத்திருக்கிற குழு என்றால் இந்தப் பணம் நன்றாக உதவும். புதிதாக ஒன்றை உருவாக்கப் போகிறீர்கள், குழுவில் பாதிப்பேர் தினக்கூலி என்றால், ஒத்திகைக் காசை முதலில் வேறெங்காவது தேடிக்கொண்டு போங்கள், அல்லது அதை விண்ணப்பத்திலேயே எழுதி, எடுக்கச் சொன்னால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். நாங்கள் அன்றைக்குக் கேட்காமல் விட்டோம்.

இந்த வருடம் அதே அறக்கட்டளைக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம். 24 இல்லை, 12 நிகழ்ச்சி, ஆறே ஊர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை. பட்ஜெட்டின் முதல் வரி ஒத்திகைக் கூலி, 25 நாள், ஐந்து பேர், நாளுக்கு 600, மொத்தம் 75,000. வீடியோவுக்கு 15,000 போதும் என்று எழுதியிருக்கிறோம். கூடவே போன வருடம் அந்த ஐந்து பேர் இழந்த கூலிக் கணக்கை நாள்வாரியாக எழுதி, அவரவர் கையெழுத்தோடு இணைத்தோம், தறி ஓட்டுகிற அண்ணன் கையெழுத்துக்குப் பக்கத்தில் அண்ணியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போன வாரம் பல்லடம் வந்தவரே போன் செய்தார், முதல் வரியைப் பற்றிக் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தக் கூலிக் கணக்கின் மூலப்பிரதி வேண்டும் என்றார். திங்கட்கிழமை கூரியரில் அனுப்பிவிட்டோம்.